மருந்து என்னும் சொல்

ஏலமலையில் வேலை செய்யும் நம் தமிழ்க் குடும்பங்களில் மருந்து என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சல் வந்தால் குடிப்பதும் மருந்து; ஏலச் செடிக்கு அடிப்பதும் மருந்து. "இன்றைக்கு மருந்தடி வேலை" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் ஜீப்பில் ஏறுகின்றவர்களை நாம் அறிவோம். மலையாள அன்பர்களும் இதே சொல்லைத்தான் வழங்குகின்றனர். கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு நோய் தீர்ப்பதன் பெயர் எவ்வாறு வந்தது என்பதை மொழியறிஞர்கள் ஆராய்வார்களாக. அப்பெயர் நம் அச்சத்தைப் போக்கிவிட்டது என்பதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கின்றோம்.

எங்கள் பாட்டனார் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறியவர். குடும்பத்தின் ஒரு கிளை வண்டன்மேட்டுப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. நாங்கள் பின்னர்ப் பாலக்காட்டு எல்லைக்கு வந்து, கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியமர்ந்தோம். திருவிழாவுக்கும் சாவுக்கும் நாங்கள் அங்கே போவோம். அவர்கள் இங்கே வருவார்கள். எங்கள் சித்தப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டங்களில் மருந்தடித்தவர். விசைப்பம்பிலிருந்து வரும் நீண்ட குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு, ஆளுயரச் செடிகளுக்கு இடையே நடந்து அடிக்கின்ற வேலை அது. காற்று எதிர்த்தால் முகத்திலேயே விழும். வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் கவசம்.

ஒரு நாள் மாலை அவருக்குத் தலை சுற்றி, வாயில் நீர் ஊறி, பார்வை மங்கிற்று. அங்கிருந்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அப்போது விருந்தாக அங்கே சென்றிருந்த நாங்களும் உடன் சென்றோம். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "என்ன மருந்து அடித்தீர்கள்?" என்பது. சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. "கங்காணி கலந்து கொடுத்தார், நாங்கள் அடித்தோம்" என்றார். சித்தி மட்டும், "வெள்ளை டப்பா, பச்சை மூடி" என்றார். நஞ்சின் இனம் தெரிந்தால்தான் அதற்கு ஏற்ற மாற்று மருந்து கொடுக்க இயலும். பாஸ்பரசு இனத்தைச் சேர்ந்த பூச்சிக்கொல்லியாக இருந்தால் அட்ரோப்பின் என்னும் ஊசி உண்டு. வேறு சில இனங்களுக்கு அது பயன்படாது. அந்த மருத்துவர் குறிகளைப் பார்த்தே அறிந்து காப்பாற்றினார். எங்கள் நற்பேறு என்றே கருதுகின்றோம்.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டுதான், சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பயிலும் எங்கள் தமையனார் மகள் விடுமுறையில் சொன்ன செய்திகளைக் கேட்டோம். பசுமை வேதியியல் என்று ஒரு பாடம் உண்டாம். பெயரைக் கேட்டதும், செடி கொடிகளைப் பற்றியது போலும் என்று நினைத்தோம். இரசாயனத்தையே வெறுத்து ஒதுக்கும் கொள்கையும் அன்று. ஒரு பொருளைச் செய்யும்போதே, நச்சும் கழிவும் பிறவாத வழியைத் தேர்ந்து செய்ய வேண்டும் என்பதே அதன் முதல் விதி. பிறந்த பின்பு கழுவித் துடைப்பது இரண்டாம் வேலை.

கல்லூரி ஆய்வுக்கூடத்துச் சான்று ஒன்றை அவள் சொன்னாள். அசெட்டனிலைடு என்னும் பொருளோடு புரோமினைச் சேர்ப்பது, பட்ட வகுப்பினர் காலங்காலமாகச் செய்துவரும் பயிற்சி. புரோமின் செந்நிறத் திரவம்; குப்பியைத் திறந்தவுடன் கண்ணும் தொண்டையும் எரியும்; தோலில் பட்டால் புண்ணாகும். இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த பசுமை வேதியியல் பணிக்குழு, இத்தகைய பயிற்சிகளுக்கு மாற்று வழிகளைத் தொகுத்து, கல்லூரிகளுக்கென ஒரு கையேடு வெளியிட்டிருக்கின்றது. அதன்படி, உப்புப் போன்ற பொட்டாசியம் புரோமைடையும் ஒரு சீரிய உப்பையும் நீரில் கரைத்து, எரிசாராயத்தில் கரைத்த மூலப்பொருளோடு சேர்த்தால் அதே விளைபொருள் கிடைக்கின்றது. குப்பியில் புரோமினே வேண்டியதில்லை. பிள்ளைகளின் கண் எரிவதில்லை. சிறிய மாற்றந்தான், ஆனால் அரசின் பணத்தில் சில அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்ததால் விளைந்த மாற்றம்.

இத்துறை தோன்றியதும் ஓர் அரசு அலுவலகத்தில்தான். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு முகமையில் பணியாற்றிய பால் அனஸ்டஸ் என்பவர் 1991இல் இப்பெயரைச் சூட்டினார். அவரும் ஜான் வார்னர் என்பவரும் சேர்ந்து 1998இல் எழுதிய நூலில் பன்னிரண்டு விதிகளை வகுத்தனர். அவற்றுள் மூன்றை நம் குடும்பங்கள் மனப்பாடம் செய்யலாம். கழிவு உண்டாகாமல் தடுத்தல் ஒன்று. செய்யும் பொருளின் நச்சுத்தன்மையை இயன்ற மட்டும் குறைத்தல் ஒன்று. வேலை முடிந்த பின் மண்ணிலும் நீரிலும் தங்காமல் சிதைந்துபோகுமாறு பொருளை அமைத்தல் ஒன்று. அந்நாட்டில் 1996 முதல் குடியரசுத் தலைவர் பெயரால் இதற்கெனப் பரிசும் வழங்கப்பட்டது.

கழுவித் துடைப்பதற்கும் பிறவாமல் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. எல்லைக்கு அப்பால் திருப்பூர் இருக்கின்றது. நம்மில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினர். பாசனத்திற்காகக் கட்டிய அவ்வணை சாயக் கழிவு தேங்கும் குளமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதை அங்குள்ள உறவினர் சொல்லக் கேட்டோம். அதன் பின்னரே கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாறலாயின. நீரையும் உப்பையும் குறைவாகக் கொள்ளும் சாயமுறைகளை இருபது ஆண்டு முன்னரே ஆராய்ந்து பட்டறைகளின் கையில் கொடுத்திருந்தால், ஆறும் பிழைத்திருக்கும், கூலியும் பிழைத்திருக்கும்.

இனி ஏலத்துக்கு வருவோம். ஏலப்பேனும் தண்டு துளைப்பானும் ஏலத்தின் பெரும் பகைகள். அவற்றுக்கு அஞ்சியே தோட்டங்களில் மாதந்தோறும், சில இடங்களில் அதற்கும் முன்பாகவே, மருந்தடிக்கின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏலப்பூ காய் பிடிப்பதற்குத் தேனீ வேண்டும். காலை வேளையில் தேனீக்கள் பூவுக்கு வருகின்றன. அதே வேளையில் மருந்தடித்தால், பேனோடு தேனீயும் மடிகின்றது; காய் குறைகின்றது; காய் குறைந்ததற்குப் பூச்சியே காரணம் என்று மீண்டும் மருந்து வாங்குகின்றனர். இதனை விற்பவர் எடுத்துச் சொல்வாரா? சொல்ல வேண்டியது ஆராய்ச்சி நிலையத்தின் கடமை. நறுமணப் பொருள் வாரியத்தின்கீழ் மயிலாடும்பாறையிலும், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின்கீழ்ப் பாம்பாடும்பாறையிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. வேர்ப்புழுவைத் தின்னும் நுண்ணிய உருளைப்புழுக்களை வளர்த்து மண்ணில் இடும் முறையை மயிலாடும்பாறையில் ஆய்ந்து உழவருக்குக் காட்டியிருக்கின்றனர். அந்நிலையத்துக்குச் சில கல் தொலைவிலேயே வாழ்ந்த எங்கள் சித்தப்பா இதனைக் கேள்விப்பட்டதில்லை. தோட்ட உடைமையாளர்க்குச் செய்தி செல்கின்றது. குழாய் பிடிப்பவர்க்குச் செல்வதில்லை.

நாம் யாவரும் அறிந்த மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தழையை மிகுதியாக மேய்ந்த ஆடு துடித்து விழுவதை நம் பெரியோர் கண்டிருக்கின்றனர். தழையில் சயனைடு தரும் பொருள்கள் இருப்பதே காரணம். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய அரசு 1963இல் நிறுவிய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், வீணே எறியப்படும் அத்தழையிலிருந்து அப்பொருள்களைப் பிரித்தெடுத்து, நன்மை, மேன்மை, ஸ்ரேயா என்னும் பெயர்களில் பூச்சிக்கொல்லிகளை ஆக்கியது. வாழைத்தண்டைத் துளைக்கும் வண்டுக்கும் மாவுப்பூச்சி போன்றவற்றுக்கும் அவை உதவுகின்றன. இயற்கையில் கிடைப்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. மரவள்ளிச் சாறும் நஞ்சுதான். அளவும் முறையும் அறிந்து அதனைக் கையாளச் செய்வது வேதியியல். தானியக் குதிரில் நொச்சியும் வேப்பிலையும் இட்ட நம் பாட்டிமார் பாதி வழி வந்திருந்தனர். மீதி வழிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

இங்கேதான் அரசின் உதவி ஏன் இன்றியமையாதது என்பது புலனாகின்றது. மாதந்தோறும் வாங்கியே தீர வேண்டிய பொருளுக்கு விற்பவர் உண்டு, முகவர் உண்டு, தோட்ட வாயிலுக்கு வந்து கடன் தருபவரும் உண்டு. ஒருமுறை செய்தால் போதும் என்னும் முறையை யார் வந்து விற்பார்? 2008இல் கோவை வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று அடுத்தடுத்து அழித்துக்கொண்டே சென்றது நம் உழவர் பலருக்கு நினைவிருக்கும். எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. மல்பெரியில் நஞ்சடித்தால் பட்டுப்புழுவும் சாகும். 2010இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அம்மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவி வகைகளை நம் அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் வரவழைத்தனர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊரூராக விட்டது. பூச்சி அடங்கிற்று. இது வேதியியல் ஆகாது என்று எங்கள் வீட்டு மாணவி திருத்தினாள், ஆகட்டும். குளவி தானே பெருகிக்கொண்டது. அதை மாதந்தோறும் விலைக்கு விற்க எவராலும் இயலாது. பொதுப்பணம் இல்லாவிட்டால் அது வந்திருக்கவே மாட்டாது.

அரசு விழித்துக்கொள்ளும் வேளையும் ஆராயத்தக்கது. 1958இல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் உணவுப் பொருளோடு பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து கலந்த மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் விசாரணைக் குழு அமைந்தது. பத்தாண்டு கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக வானிலிருந்து எண்டோசல்பான் தூவப்பட்டுக் குழந்தைகள் ஊனமுற்ற கதையை நாடே அறியும். 2011இல்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதனைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே கேரள அரசு கார்போபியூரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ் முதலிய வேறு பல நஞ்சுகளையும் விலக்கியது. அதற்கு முன்பு, கேரளத்தில் விலக்கிய எண்டோசல்பான் தமிழகக் கடைகளில் கிடைத்தது. எனவே எல்லை கடந்து நம் பக்கத்து முதலமடை மாந்தோப்புகளுக்கு வந்தது. அரிசி மூட்டையைத் தடுக்கும் சோதனைச் சாவடிக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை!

2023 ஜனவரியில் மற்றொரு செய்தி வந்தது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மேல் இருந்ததென்று, கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் தேங்கின. 2024இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. சட்டப் பொருளில் நாம் தலையிடவில்லை. ஒரு டப்பா பாயசத்தில் உள்ள சில ஏலரிசியின் எச்சத்தை அளப்பதற்கு ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அந்த ஏலத்துக்கு மருந்தடித்தவர்களின் குருதியை எவரேனும் அளந்தனரா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டனர். கேள்வி எங்களுக்கு நியாயமாகவே படுகின்றது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. "தமிழ்நாட்டுக் காய்கறி முழுதும் விஷம்" என்று நம் அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு நம்மில் பலர் மனம் நொந்திருக்கின்றோம். வாளையாறு வழியே வரும் காய்கறியைக் கேரளத்தார் சோதிப்பதில் குறை காண வேண்டியதில்லை. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வுக்கூடம் அதனைச் செய்துவருவது நல்ல தொண்டு. உண்பவருள் நாமும் இருக்கின்றோம். ஆனால் மலையிலிருந்து இறங்கிப் போடியின் ஏலக்கடைகளுக்குச் செல்லும் காயிலும் அதே நஞ்சு செல்கின்றது. அங்கே விளைவிப்பவரும் நம்மவர், இங்கே அடிப்பவரும் நம்மவர். இரு மாநில அரசுகளும் சேர்ந்து, எல்லையில் ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தினால் என்ன?

ஆய்வுக்கூடம் தொலைவில் இருப்பதன் துன்பத்தைப் பாலக்காட்டு எல்லையில் உள்ள நாம் நன்கு அறிவோம். பிளாச்சிமடையில் 2000 முதல் 2004 வரை நடந்த குளிர்பான ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி உழவர்க்குக் கொடுத்தனர். 2003இல் பிரிட்டிஷ் வானொலியார் எடுத்துச் சென்ற சேறு, இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருந்தன. அதன் பின்னரே நம் அரசும் சோதித்துக் காட்மியம் இருப்பதைக் கண்டது. கிணற்று நீரில் சோறு வேகவில்லை என்று அதற்கு முன்பே சொன்னவர்கள், தமிழ் பேசும் பழங்குடி மக்கள். அவர்கள் சொல்லுக்கு எண்ணும் அலகும் கொடுப்பார் இல்லை. அவர்கள் பிள்ளைகளுள் ஒருவர் வேதியியல் பயின்று பக்கத்து ஊர் ஆய்வுக்கூடத்தில் இருந்திருந்தால், சேறு கடல் கடந்து சென்றிராது.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே இறுதியாகச் சொல்ல விரும்புகின்றோம். நாட்டுக் கல்வி ஆராய்ச்சிக் குழுவின் பதினோராம் வகுப்பு வேதியியல் நூலில் சுற்றுச்சூழல் வேதியியல் என்னும் அதிகாரம் இருந்தது. பசுமை வேதியியல் அதில் ஒரு பகுதி. பாடச் சுமையைக் குறைக்கின்றோம் என்று 2022இல் அவ்வதிகாரத்தையே எடுத்துவிட்டனர். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அந்த ஆராய்ச்சி எதற்கென்று மாணவர்க்குச் சொல்லும் பக்கங்களை நீக்கியது முறையன்று என்பதே எங்கள் கருத்து. தமிழ்நாட்டு அரசின் பதினோராம் வகுப்பு வேதியியல் நூலில் இப்பாடம் இருக்கின்றது, தமிழிலேயே இருக்கின்றது, இணையத்தில் விலையின்றியும் கிடைக்கின்றது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுப்பதைத் தடுப்பவர் எவருமில்லை.

மற்றொரு பாடம் பள்ளிக்கூடமே இல்லாமல் கற்கத்தக்கது. 1971ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதனினும் சற்றுக் குறைந்தது. நீலம் மேலும் குறைந்தது. பச்சை நான்கனுள் மிகக் குறைந்தது. பச்சையும் குடிக்கத்தக்கது அன்று. பல மொழிகளில் விளக்கும் துண்டுத்தாள் எள்ளினும் சிறிய எழுத்தில் உள்ளே மடிந்து கிடக்கும். மருந்து கலக்குமிடத்திலேயே அதனைக் கிழித்தெறிகின்றனர். அத்தாளைத் தொழிலாளி கேட்டு வாங்கலாம். கைப்பேசியில் டப்பாவின் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். மருத்துவர் கேட்கும்போது காட்டலாம்.

எங்கள் தமையனார் மகள், சென்ற விடுமுறையில் வண்டன்மேட்டுக்குச் சென்றபோது, நான்கு நிறச் சதுரங்களையும் பெரிதாக வரைந்து, நஞ்சின் இனப்பெயர்களைத் தமிழில் எழுதி, சித்தப்பா வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தாள். அவ்வழியே ஜீப்புக்குச் செல்லும் பெண்கள் நின்று பார்த்தனர். "மதினி, நேற்று அடித்தது மஞ்சளா, சிவப்பா?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டாளாம். அடுத்த வாரம் கங்காணியும் வந்து பார்த்துவிட்டு, தம் தோட்டத்துக் கொட்டகைக்கு ஒரு படி வேண்டுமென்றார். படிகள் இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.